அழுகைக்குச் சுதி சேர்த்தவர்கள்

பேச்சு வராத ஒரு குழந்தை டிரம் அடித்த பத்து நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதைப் பற்றி ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் அதற்காக வாதாடி முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இசைச் சிகிச்சை என்ற துறையில் இது இன்று வழக்கமான வேலை. அந்தப் பத்து நிமிடத்தை ஆராயத்தக்க பொருளாக்கியது ஒரு டேப் ரெக்கார்டர் என்றுதான் நினைக்கிறேன்.

இசையைக் கொண்டு நோயாளிகளைத் தேற்றும் வேலை அதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் உடலும் மனமும் சிதைந்து திரும்பிய வீரர்களால் அமெரிக்க மருத்துவமனைகள் நிறைந்தன. அங்கே பாட்டுப் பாடவும் வாத்தியம் வாசிக்கவும் வந்த இசைக்கலைஞர்களுக்கு நோயைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்ற தேவை எழுந்தது. 1944-இல் மிச்சிகனில் ஒரு படிப்பு தொடங்கியது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் தேயர் காஸ்டன் என்ற பேராசிரியர் அதற்கு அறிவியல் அடித்தளம் போட முனைந்தார். 1950-இல் தேசியச் சங்கம், 1964-இல் தனி ஆய்விதழ் என்று துறை வளர்ந்தது. அது அமெரிக்க உளவியலில் நடத்தைவாதம் கோலோச்சிய காலம். ஆகவே இந்தத் துறையிலும் ஆய்வு என்றால் பெரும்பாலும் எண்ணுவதுதான். பாட்டுப் போட்டபோது குழந்தை எத்தனை முறை நாற்காலியை விட்டு எழுந்தது, போடாதபோது எத்தனை முறை எழுந்தது என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்குகள் பயனுள்ளவைதான். ஆனால் குழந்தைக்கும் வாசிப்பவருக்கும் இடையே என்ன இசை நடந்தது என்பது அதில் வராது.

1958-இல் பால் நோர்டாஃப் ஐரோப்பாவுக்குப் போனார். ஃபிலடெல்ஃபியாக்காரர், ஜூலியர்டில் பயின்றவர், இரண்டு முறை குகன்ஹைம் நல்கை பெற்ற இசையமைப்பாளர், பார்ட் கல்லூரியில் பேராசிரியர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் வூஸ்டர்ஷைர் பகுதியில், தத்துவஞானி ருடால்ஃப் ஸ்டைனரின் கொள்கைப்படி நடந்துவந்த சன்ஃபீல்ட் என்ற குழந்தைகள் இல்லத்தைப் பார்த்தார். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் இசைக்கு எப்படிப் பதில் தருகிறார்கள் என்று அங்கே கண்டதும், பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். அந்த இல்லத்தில் கிளைவ் ராபின்ஸ் என்ற இளைஞர் ஆசிரியராக இருந்தார். இசைமீது ஆசை உண்டு. இளவயதில் பட்ட காயத்தால் இடது கை பலமிழந்துபோனதால் பியானோக் கலைஞராகும் வழி அடைபட்டிருந்தது. நோர்டாஃப் பியானோவில் அமர்வார். ராபின்ஸ் குழந்தையின் பக்கத்தில் இருப்பார். இப்படி இருவராக ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள்.

அவர்கள் ஆயத்தமான பாட்டுகளோடு வருவதில்லை. குழந்தை வாசலில் நுழையும் நடையைப் பார்த்து, அதன் வேகத்தைக் கையில் எடுத்து, நோர்டாஃப் அங்கேயே வாசிக்கத் தொடங்குவார். நம் கச்சேரி மேடையின் மனோதர்மம்தான். பின்தொடர வேண்டிய பாடகர் மட்டும் ஐந்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளை தாளம் தவறினால் அந்தத் தவறே தாளமாகும்.

இப்படி அந்தந்த நொடியில் பிறக்கும் இசைக்கு ஒரு கேடு உண்டு: அது மறைந்துவிடும். வாசித்தவருக்கே மறுநாள் நினைவிருக்காது. அதனால் அமர்வுகளை ஒலிநாடாவில் பதித்தார்கள். பதித்ததோடு விடாமல், பிறகு இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். ரெக்கார்டரின் எண்காட்டியைப் பார்த்து, இந்த எண்ணில் குழந்தை முதல்முறை அடியை நிறுத்தியது, இந்த எண்ணில் பியானோ சுரத்தை மாற்றியது என்று குறித்தார்கள். தேவைப்பட்ட இடத்தை இசைக்குறியீட்டில் எழுதினார்கள். அடுத்த அமர்வு அந்தக் குறிப்பிலிருந்து பிறக்கும். இன்றும் அந்த மரபில் பயிலும் மாணவர்கள் இதைத்தான் முதலில் கற்கிறார்கள். மிகவும் பொறுமை கேட்கும் வேலை. இந்தத் துறையின் ஆய்வு நெறி முழுவதும் அந்தப் பொறுமையிலிருந்து முளைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

1960-களில் அவர்கள் அமெரிக்கா சென்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநலப் பிரிவில் வேலை செய்தார்கள். அரசின் தேசிய மனநல நிறுவனம் அதற்கு நல்கை தந்தது. பணம் கொடுப்பவர் அளவுகோல் கேட்பார் அல்லவா? கேட்ட ஒலிநாடாக்களை வைத்தே அளவுகோல்கள் செய்தார்கள். குழந்தைக்கும் சிகிச்சையாளருக்கும் உள்ள உறவு முழு மறுப்பில் தொடங்கி எந்தெந்தப் படி வழியாக ஏறுகிறது என்று ஒன்று. குழந்தையின் குரலும் வாத்தியமும் உடலசைவும் எவ்வளவு இசையாகப் பேசுகின்றன என்று இன்னொன்று. மறுப்புக்கும் அதில் இடம் கொடுத்தது பெரிய விஷயம். குழந்தை முதுகைத் திருப்பிக்கொண்டு அலறினாலும், அதுவும் ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குச் சான்று எட்வர்ட் என்ற பெயரில் அவர்கள் எழுதிய சிறுவன். முதல் அமர்வு ஒன்பது நிமிடம்போல. பையன் அலறிக்கொண்டே இருக்கிறான். வேறொருவராக இருந்தால் பியானோவை மூடியிருப்பார். நோர்டாஃப் அந்த அலறல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று கேட்டு, அதே சுதியில் வாசித்தார். கொஞ்ச நேரத்தில் அலறல் பியானோவின் சுரங்களைத் தொடத் தொடங்குகிறது. அழுகையா பாட்டா என்று பிரிக்க முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறது. 1977-இல் வெளிவந்த 'கிரியேட்டிவ் மியூசிக் தெரபி' என்ற அவர்களின் நூலோடு இந்த ஒலிப்பதிவையும் கொடுத்தார்கள். அந்த ஆண்டுதான் நோர்டாஃப் இறந்தார்.

நூலைப் படித்தவர் எவராலும் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டு, "நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை" என்று மறுக்க முடிந்தது. அப்படி மறுக்கும் வழி இருந்தால்தான் ஆய்வு. 1998-99-இல் நார்டிக் இசைச் சிகிச்சை இதழ் இந்தப் பதிவையே எடுத்துப் பல ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பையன் உண்மையிலேயே பதில் சொன்னானா, அல்லது நாம் கேட்க விரும்பியதைக் கேட்கிறோமா என்றுகூட விவாதம் நடந்தது.

இந்த விவாதத்துக்கு முன்பே முனைவர் பட்டங்கள் வரத் தொடங்கியிருந்தன. பிரிட்டனில் லெஸ்லி பன்ட் 1985-இல் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில், குழந்தைகளோடு செய்த இசைச் சிகிச்சையின் பலனை அளந்து பட்டம் பெற்றார். எனக்கு மிகவும் பிடித்தது மெர்செடஸ் பாவ்லிசெவிச்சின் ஆய்வு. எடின்பரோவில் 1991-இல் முடித்தார். அங்கே கொல்வின் ட்ரெவார்தன் என்ற உளவியலாளர், தாயும் கைக்குழந்தையும் பேசிக்கொள்வதைப் படமெடுத்து ஆராய்ந்துவந்தார். சொல் தோன்றுவதற்கு முன்பே இருவரும் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் ஒருவரோடொருவர் இசைவித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. பாவ்லிசெவிச் இசைச் சிகிச்சையை அதன் அருகே வைத்தார். மனச்சிதைவு உள்ளவர்களும் மனச்சோர்வு உள்ளவர்களும் நோயற்றவர்களும் சிகிச்சையாளரோடு சேர்ந்து வாசித்ததை ஒப்பிட்டபோது, சேர்ந்து வாசிக்கும் விதமே வேறுபட்டது. வாசிப்பு நோயைப் பற்றிப் பேசியது.

இசையைப் போலவே மற்றக் கலைகளைக் கொண்டு சிகிச்சை செய்தவர்களும் ஆய்வுக்கு வந்தார்கள். நாடகச் சிகிச்சைக்கு வேறு வழி. சூ ஜென்னிங்ஸ் மானுடவியல் வழியாகப் போனார். தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலேசியக் காட்டில் தெமியார் பழங்குடியினரோடு தங்கி, அவர்களின் சடங்கு ஆட்டங்களை ஆராய்ந்தார். அமெரிக்காவின் ஷான் மெக்னிஃப் 1998-இல் இன்னும் ஒரு அடி முன்னே வைத்தார்: ஓவியத்தை ஆராய ஓவியமே கருவியாகலாம் என்று நூல் எழுதினார். இதை எல்லாத் தேர்வாளர்களும் ஏற்பதில்லை. ஏற்காதவர்களின் தயக்கமும் நியாயமானதே.

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் டோனி விக்ரம் நடத்திய முனைவர் திட்டம், வெவ்வேறு நாடுகளில் மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை செய்துகொண்டிருந்த சிகிச்சையாளர்களை ஒன்றுசேர்த்தது. அவர்களில் ஒருவர் கொரியாவின் கிம் ஜினா. ஒரு குழந்தை பொம்மையைப் பார்த்துவிட்டு அம்மாவையும் பார்த்து, கண்ணாலேயே "பாரேன்" என்று சொல்லும் அல்லவா, ஆட்டிசத்தில் அது தயங்கித்தான் வரும். இசை அமர்வில் அது கூடுகிறதா, பொம்மை விளையாட்டில் கூடுகிறதா என்று பார்த்தார். ஆய்வை முடித்தவர்கள் 10 குழந்தைகள். இசை அமர்வில்தான் கூடியது.

பத்துப் பேரை வைத்து உலகத்துக்குச் சொல்ல முடியுமா? முடியாது என்பது அவர்களுக்கே தெரியும். நார்வேயின் பெர்கனை மையமாகக் கொண்டு 9 நாடுகளில் 364 குழந்தைகளோடு, குலுக்கல் முறையில் பிரித்து, ஐந்து மாதம் பெரிய சோதனை நடத்தினார்கள். எந்தக் குழந்தைக்கு இசை கிடைத்தது என்று தெரியாதவர்கள் மதிப்பிட்டார்கள். 2017-இல் முடிவு வந்தது: ஆட்டிசத்தின் சமூக அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

தங்கள் வாழ்நாள் வேலைக்கு எதிராக வந்த முடிவை, இசைச் சிகிச்சையாளர்களே எழுதி, உலகம் முழுவதும் படிக்கும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். இந்தத் துறைமீது எனக்கு முழு மரியாதை வந்தது அந்தக் கட்டுரையால்.

பிறகு என்ன செய்தார்கள் என்பதும் முக்கியம். அந்தச் சோதனையின் வீடியோப் பதிவுகளை எடுத்து, 48 குழந்தைகளின் அமர்வுகளை கரின் மோஸ்லரும் கூட்டாளிகளும் மறுபடி பார்த்தார்கள். சிகிச்சையாளர் குழந்தையின் உணர்வோடும் ஒலியோடும் எவ்வளவு ஒத்துப்போனார் என்று மதிப்பிட்டபோது, நன்றாக ஒத்துப்போன இடங்களில் குழந்தைகளின் முன்னேற்றமும் கூடியிருந்தது. 2019-இல் அது வெளிவந்தது. ஆனால் ஒத்துப்போனதால் குழந்தை முன்னேறியதா, முன்னேறக்கூடிய குழந்தையோடு ஒத்துப்போவது எளிதாக இருந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மருந்தை அளவிட்டுக் கொடுப்பதுபோல ஒத்திசைவைக் குலுக்கிப்போட்டுப் பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை. அடுத்து முனைவர் பட்டத்துக்குப் பதியப்போகிறவர் எடுத்துக்கொள்ள அந்தக் கேள்வி காத்திருக்கிறது.