இன்றைய ஊற்று பழங்கடலுக்கு அளவுகோலா?

கடல்நீரின் கலவையில் பழங்காலக் கடலடி வெந்நீர் ஊற்றுகளின் பங்கைக் கணிக்கும்போது இன்றைய ஊற்று நீரின் வேதியியலையே நிலையான அளவாகக் கொள்வது வழக்கம். அந்த வழக்கம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கலாபகஸ் பகுதியில் 1977-இலும், கிழக்குப் பசிபிக் மேட்டில் 1979-இலும் ஆல்வின் நீர்மூழ்கி வழியாக இந்த ஊற்றுகள் நேரில் அறியப்பட்டன. பின்னதில் கரும்புகை போலப் பீறிட்ட நீர் சுமார் 350 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருந்தது. அதில் மெக்னீசியம் அநேகமாக இல்லை. கடல்நீரில் ஒரு கிலோவுக்கு 53 மில்லிமோல் இருக்கும் மெக்னீசியம் முழுவதையும் பசால்ட் பாறை பிடித்துக்கொண்டு, ஈடாகக் கால்சியத்தை விடுவிக்கிறது. ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் மெக்னீசியம் எங்கே போகிறது என்ற பழைய புதிருக்கு இது பெரிய விடை.

இதைக் கொண்டு 1996-இல் லாரன்ஸ் ஹார்டி ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். கடலடி வேகமாக விரியும் காலத்தில் ஊற்றுகள் மிகும். கடலில் மெக்னீசியம் குறைந்து கால்சியம் கூடும். சுண்ணாம்பு அரகோனைட்டாகப் படியாமல் கால்சைட்டாகப் படியும். விரிவு வேகம் கடந்த 18 கோடி ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க அளவு மாறியதாகச் சான்றில்லை என்று 2002-இல் டேவிட் ரௌலி மறுத்தார். காரணம் எதுவாயினும் கடல்நீர் மாறியது என்பதில் ஐயமில்லை. சாட்சி உப்புப் படிகத்தில் இருக்கிறது. ஆழம் குறைந்த உப்பளக் கரைசலின் அடியில் ஹாலைட் வளரும்போது நுண்ணிய கனசதுரப் பைகளில் அக்காலக் கரைசல் சிறைப்படுகிறது. அதை உறையவைத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் எக்ஸ் கதிரால் பகுக்கிறார்கள். இன்று 5.2 ஆக இருக்கும் மெக்னீசியம்-கால்சியம் விகிதம் கிரெட்டேசியக் கடலில் 1-ஐ ஒட்டி இருந்தது. சல்பேட்டும் இன்றைய அளவில் பாதிக்கும் குறைவு. இவற்றுள் கால்சியமும் சல்பேட்டும் நேரடி அளவீடுகள் அல்ல, ஜிப்சம் படிந்ததைக் கணக்கில் கொண்டு பின்னோக்கிக் கணித்தவை. ஆயினும் மாற்றத்தின் திசை உறுதியானது.

விவாதம் பெரும்பாலும் ஊற்று கடலை மாற்றுவதைப் பற்றியே நடந்துவிட்டது. கடல் ஊற்றை மாற்றுவதை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. கீழிறங்கும் கடல்நீர் சுமார் 150 டிகிரியைத் தாண்டினால் அதிலுள்ள கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து அன்ஹைட்ரைட்டாகப் படிகின்றன. ஸ்ட்ரான்சியத்தில் ஒரு பகுதியும் கூடவே போகிறது. இன்று சல்பேட் 28 மில்லிமோல், கால்சியம் வெறும் 10. எனவே கடல் தந்த கால்சியம் முழுவதும் வழியிலேயே தீர்ந்து, ஊற்றில் வெளிவருவது பெரிதும் பாறையின் கால்சியம்தான். கிரெட்டேசியத்தில் கணக்கு தலைகீழ். சல்பேட் முதலில் தீர்ந்துவிடும். மிச்சக் கால்சியமும் கடலின் ஸ்ட்ரான்சியமும் ஆழம் வரை செல்லும்.

இதற்குச் சைப்ரஸின் த்ரூடோஸ் மலையில் தடயம் உண்டு. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியக் கடலடி அங்கே நிலத்தின் மேல் கிடக்கிறது. வெந்நீர் ஓடிய பாதைகளில் பாறை எபிடோட்டும் குவார்ட்சுமாக உருமாறிப் பசுமஞ்சள் நிறத்தில் இருக்கிறது. அங்கே ஓடிய நீரின் முத்திரையான அதன் ஸ்ட்ரான்சியம் 87/86 ஐசோடோப்பு விகிதம் 0.705-ஐ ஒட்டியது. இன்றைய ஊற்று நீரில் அது 0.7037. கடல்நீரின் விகிதமோ இன்று 0.709, அன்று 0.7074 அளவே. விகிதம் தாழ்ந்திருந்த கடலிலிருந்து விகிதம் உயர்ந்த ஊற்று நீர் வந்திருக்கிறது; அதாவது அதில் கடலின் ஸ்ட்ரான்சியம் கூடுதலாகத் தங்கியிருக்கிறது. பாறை வழியே நீர் மிகுதியாக ஓடியது என்பது பழைய விளக்கம். கடல்நீரின் கலவையே போதிய காரணம் என்று அன்டோனெல்லி, டிபாவ்லோ முதலியோர் 2017-இல் காட்டினர். பசால்ட்டின் ஸ்ட்ரான்சியத்தைக் கடலுக்குக் கடத்தும் திறன் கடந்த 50 கோடி ஆண்டுகளில் சுமார் 1.6 மடங்கு வரை ஏறி இறங்கியது என்பது அவர்கள் கணிப்பு. எனக்கு இதுவே சிக்கனமான விளக்கமாகப் படுகிறது.

ஹார்டியின் கருத்துக்கும் இது ஒரு கடிவாளம். கடலில் மெக்னீசியம் குறையக் குறைய, அதே அளவு நீர் பாறைக்குள் ஓடினாலும் அகற்றப்படும் மெக்னீசியம் குறைந்துகொண்டே வரும். ஊற்று தன் விளைவைத் தானே மட்டுப்படுத்துகிறது.

ஆகவே, 0.7037 என்ற ஒரே எண்ணை எல்லாக் காலத்துக்கும் பொருத்தி, கடல்நீரின் ஸ்ட்ரான்சிய விகிதம் காலப்போக்கில் மாறியதைக் காட்டும் வரைகோட்டிலிருந்து விரிவு வேகத்தைப் பெற்ற முடிவுகள், அந்தந்தக் காலக் கடல்நீரின் அளவுகளை இட்டு மறுபடி கணிக்கப்படும் வரை சான்றாக ஏற்கத்தக்கவை அல்ல.