தம்பி என்றால் பியூன்

என் தாத்தா 55 வயதில் ஓய்வுபெறும் நாள்வரை ஆபீஸில் எல்லாருக்கும் "தம்பி"தான். கோலாலம்பூரில் ஓர் அலுவலகம். கோப்பு தூக்குவது, காப்பி வாங்கிவருவது, தபால் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. நேற்றுச் சேர்ந்த இருபது வயதுக் குமாஸ்தாவும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாராம். வீட்டுக்கு வரும் பையன்களை நாங்கள் அப்படிக் கூப்பிட்டால் தாத்தாவின் முகம் சுருங்கிவிடும். "பேரு இருக்குல்ல?" என்பார்.

அன்றைய மலாயா ஆங்கிலத்தில் 'தம்பி' உறவுச்சொல் இல்லை, உத்தியோகத்தின் பெயர். ஆபீஸ் பியூன் என்று அர்த்தம். ஆள் மாறினாலும் தம்பி மாறமாட்டார். யாரோ திட்டம்போட்டு இழிவுபடுத்தினார்கள் என்று நான் நினைக்கவில்லை. காதில் விழுந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். எடுக்கும்போது பாதியை விட்டுவிட்டார்கள். தம்பி என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து "என்னண்ணே" என்று வரவேண்டும். தாத்தா சொன்னது "யெஸ் சார்".

தோட்டத்துத் துரைகளுக்கு இந்தப் பாசப் பூச்சுகூடத் தேவைப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த சின்னதுரைமாருக்காக ஏ.எம். பெர்குசன் ஒரு தமிழ்க் கையேடு போட்டார். அதன் தலைப்பே 'இங்கே வா'. 'வாங்க' இல்லை, வெறும் 'வா'. இலங்கையில் காப்பி நோயில் அழிந்தபோது அங்கிருந்த தோட்டக்காரர்கள் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். அந்த 'வா'வும் அவர்களோடு கப்பலேறியிருக்கும்.

லயத்தில் நிலைமை வேறு. வேறு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே வரிசை வீடுகளில் அண்ணே, அக்கா, மாமா என்று புழங்கினார்கள். அதையும் ரொம்பப் புனிதமாக்க வேண்டாம். சாதியும் கூடவே வந்தது, யாரை யார் மாமா என்று கூப்பிடலாம் என்பதற்குக் கோடு இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமாவது, கூப்பிட்டவரைத் திரும்பக் கூப்பிட முடிந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம். ஆர்.எச். நாதன் முன்னின்றார். சம்பளம், மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று நீண்ட கோரிக்கைகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். கூலிக் கணக்கோடு சைக்கிளையும் சேர்த்து எழுதிய அந்தக் கை யாருடையது என்று அடிக்கடி யோசிப்பேன்.

1950களின் நடுவில் அண்ணா 'திராவிட நாடு' இதழில் 'தம்பிக்கு' என்று கடிதங்கள் எழுதத் தொடங்கினார். முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கானோருக்கு அதே சொல். தாத்தா அவற்றை முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம், பாட்டி சொன்னது. பகலெல்லாம் கசந்த சொல் அங்கே மட்டும் எப்படி இனித்தது? எனக்குத் தோன்றுவது இதுதான்: எழுதியவரின் பெயரிலேயே பதில் இருந்தது. தம்பிக்கு எதிரில் அண்ணா.

இப்போது மாமாக் கடையில் எல்லா இனத்தாரும் "அண்ணே" என்கிறார்கள், "மச்சா" என்கிறார்கள். என் நண்பர்கள் பாதிப்பேருக்கு 'மச்சா' பிடிக்கும், மீதிப்பேருக்கு எரிச்சல். மலாய்க்கார, சீன நண்பன் சொன்னால் சரி, முகம் தெரியாதவன் சொன்னால் 'இந்தியன்' என்று கூப்பிட்டதுபோலத்தான் இருக்கிறது என்கிறான் ஒருவன். பெண்களின் கணக்கு இன்னும் கறாரானது. சந்தையில் கீரை விற்கும் பாட்டி "கண்ணு" என்றால் கூட ஒரு கட்டு வாங்குவேன், வாடகைக் கார் ஓட்டுபவர் அதையே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னால் அடுத்த சிக்னலில் இறங்கிவிடுவேன் என்றாள் தோழி.

இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவர் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு தே தாரிக்."

"சரிங்கண்ணே."

பில் கொடுக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். மூத்த மகள் ஊரில் பிளஸ் டூ எழுதுகிறாளாம்.

எனக்கு வயது 29.