65 செ.மீ. தைரியம்

'எதுக்கும் ஒரு ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாமே!'

டாக்டர் சாதாரணமாகத்தான் சொல்வார். நமக்குத்தான் பாதி உயிர் போய்விடும். இதயத்துக்குள் டியூபா? பட்டென்று நின்று தொலைத்துவிட்டால்?

வெட்கப்படாதீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இந்த பயம் இருந்தது. அதைப் போக்க ஒருவர் தன் உயிரையே பணயம் வைத்தார்.

1929. பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்ட் என்கிற சின்ன ஊர் ஆஸ்பத்திரி. வெர்னர் ஃபோர்ஸ்மான், இளம் டாக்டர். கைநரம்பு வழியாக மெல்லிய டியூப் விட்டால் இதயம் வரை போகலாம் என்றார். மேலதிகாரி, 'கூடவே கூடாது' என்றுவிட்டார்.

கேட்டால்தானே? கருவிகள் இருந்த அலமாரியின் சாவி, நர்ஸ் கெர்டா டிட்சனிடம். 'என் உடம்பிலேயே செய்யுங்கள்' என்று அவரே முன்வந்தார். அவரை மேஜையில் படுக்கவைத்துக் கட்டினார் ஃபோர்ஸ்மான். பிறகு சத்தமில்லாமல் தன் இடது கையை மரத்துப்போகச் செய்து, சிறுநீர்ப் பாதைக்கான கதீட்டரை அதில் நுழைத்துவிட்டார்! கட்டை அவிழ்த்ததும்தான் அந்தப் பெண்ணுக்கு விஷயமே புரிந்தது. தொங்கும் டியூபோடு மாடிப்படி இறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்கள். 65 செ.மீ. உள்ளே. படத்தில், டியூபின் நுனி இதயத்தின் வலது அறையில். இதயம் நிற்கவில்லை.

கிடைத்தது பாராட்டு அல்ல. பெர்லினின் பெரிய ஆஸ்பத்திரி அவரை வெளியே அனுப்பியது. ஆள் சிறுநீரக மருத்துவத்துக்குப் போய்விட்டார். நாஜி கட்சியிலும் சேர்ந்தார். அதையும் மறைக்க வேண்டாம். அவர் விட்ட இடத்தில் நியூயார்க்கில் குர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரும் தொடர்ந்தார்கள். 1956-ல் மூவருக்கும் நோபல்.

1958-ல் இன்னொரு திருப்பம். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் டாக்டர் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் இதய வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். டியூப் நழுவி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாயில் சாயம் பாய்ந்துவிட்டது. துடிப்பு சில விநாடி நின்றது. 'இருமுங்கள்!' என்று கத்தினார். திரும்பி வந்தது. படத்தில் அந்தக் குழாய் பளிச்! இன்றைய ஆஞ்சியோகிராம் பிறந்தது அப்படித்தான்.

இன்று மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாகப் போகிறார்கள். நுழையும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். பெரும்பாலும் நீங்கள் விழித்தேதான் இருப்பீர்கள். சாயம் பாயும்போது உடம்பு குப்பென்று சூடாகலாம். ஆபத்தே இல்லையா என்றால், சொற்பமாக உண்டு. டாக்டரிடம் கேளுங்கள், சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஆஞ்சியோகிராம் என்பது அடைப்பைப் பார்ப்பது. நீக்குவது ஆஞ்சியோபிளாஸ்டி, அது வேறு. பார்ப்பதற்கே பயந்தால் எப்படி? அந்த பயத்தை நமக்கும் சேர்த்து ஒருவர் 1929-லேயே பட்டுத் தீர்த்துவிட்டாரே!