மரக்கலத்தார் மரபில் ஒரு பொறியியலாளர்

இங்கிலாந்தின் வடகீழ்க் கரையில், ஹாட்டில்பூல் என்னும் துறைமுகப் பட்டினத்தில், பழைய போர்க்கப்பல் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. நீரில் மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் யாவற்றுள்ளும் அதுவே மிகப் பழையது. அதன் பெயர் 'திருகோணமலை'. 1795 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தெடுத்த எமது கீழ்க்கரைத் துறையின் பெயர்தான் அது. ஆயினும் அக்கப்பல் திருகோணமலையில் கட்டப்பட்டதன்று, இங்கிலாந்திலே கட்டப்பட்டதுமன்று. மலையாளக் கரையின் தேக்கினால், பம்பாயிலே, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக் கப்பற் சிற்பியின் மேற்பார்வையிற் கட்டப்பட்டு, 1817 ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் 12 ஆம் நாள் கடலில் இறக்கப்பட்டது. பிரித்தானியரின் கடலாதிக்கத்தைப் பற்றி நாம் நிரம்பப் படித்திருக்கிறோம். அந்த ஆதிக்கத்தின் கப்பல்களை யாருடைய கைகள் செதுக்கின என்பதை நமது பள்ளிச் சரித்திரம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

வாடியா குடும்பத்தின் கதை சூரத்தில் ஆரம்பிக்கின்றது. லவ்ஜி நஸர்வான்ஜி என்ற தச்சர் தலைவரை 1736 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பனி பம்பாய்க்கு அழைத்து வந்தது. 1750 ஆம் ஆண்டில் பம்பாயின் உலர்துறை அமைக்கப்பட்டது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமைக் கப்பற் சிற்பியின் பதவி அக்குடும்பத்தை விட்டு அகலவில்லை. நெப்போலியனோடு நடந்த யுத்தங்களின்போது இங்கிலாந்தின் ஓக்குக் காடுகள் குறைந்துவிட்டன. அந்நாட்டுக் கடற்படைக்குத் தேக்கு மரம் தேவைப்பட்டது. தேக்கு இலகுவில் உளுத்துப்போகாது, இரும்பாணியையும் அரிக்காது. 1813 ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து இறக்கப்பட்ட 'கோன்வாலிஸ்' என்னும் கப்பலின் மேற்றட்டிலேதான், 1842 ஆகஸ்டு 29 ஆம் நாள், அபினி யுத்தத்திலே தோல்வியுற்ற சீனம் நன்கிங் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது. அடிமைப்பட்ட ஒரு நாட்டின் தொழிற்றிறனைக் கொண்டு வேறொரு நாட்டை அடிமைப்படுத்துவது ஏகாதிபத்தியத்துக்குக் கைவந்த கலை.

பாய்மரக் காலத்தில் இந்தியக் கம்மியனுக்கும் ஆங்கிலக் கம்மியனுக்கும் அறிவில் ஏற்றத்தாழ்வு இருக்கவில்லை. மரத்தைக் கண்ணால் அளந்து, விலா விலாவாகப் பொருத்தும் வித்தை இருவருக்கும் பொதுவானது. இந்த நிலைமையை மாற்றியது நீராவி. 1830 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 'ஹ்யூ லின்ட்சே' என்னும் நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து புறப்பட்டு, ஏடனிலும் செங்கடற்றுறைகளிலும் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, 32 நாட்களிற் சுயஸ் சேர்ந்தது. அதன் உடல் பம்பாயிலே, வாடியா குடும்பத்தின் கையாற் கட்டப்பட்டது. அதன் இயந்திரமோ இங்கிலாந்திலிருந்து வந்தது. உடல் இங்கே, இருதயம் அங்கே! இனிவரும் காலத்தின் உழைப்புப் பிரிவினை முழுவதும் இந்த ஒரு கப்பலில் அடங்கிக் கிடந்தது எனலாம். மரம் வெட்டலாம், பலகை அறுக்கலாம், நிலக்கரி சுமக்கலாம், அடுப்பில் எரியிடலாம். இயந்திரத்தின் இரகசியம் மட்டும் வெள்ளையனிடம் இருக்கும்.

இந்தப் பிரிவினையை ஏற்க மறுத்த ஒருவர் அதே குடும்பத்திலே தோன்றினார். அவர்தாம் அர்தசீர் கர்செட்ஜி. 1808 ஆம் ஆண்டு ஒக்தோபர் 6 ஆம் நாள் பம்பாயிற் பிறந்த அவர், பதினான்காம் வயதிலே தந்தையோடு கப்பற்றளத்துக்கு வேலைக்குச் சென்றார். பொறியியற் கல்லூரி என்று ஒன்று அக்காலத்துப் பம்பாயில் இல்லை. மற்றவர்கள் உளியையும் வாய்ச்சியையும் நாட, இந்த இளைஞரின் மனம் கொதிகலனிலும் உருளையிலும் சென்றது. ஒரு குதிரைவலுவுள்ள சிறிய நீராவி இயந்திரம் ஒன்றைத் தாமே செய்து, அதனைக்கொண்டு கிணற்றிலிருந்து நீரிறைத்துக் காட்டினார். 1833 ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதில், மசகானிலே உதவிக் கப்பற் சிற்பியாக இருந்தபோது, 60 தொன் நிறையுள்ள 'இந்தஸ்' என்னும் கடற்கலத்தை வரைந்து கட்டினார். பின்னர் அதற்கு நீராவி இயந்திரமும் பொருத்தினார். அடுத்த ஆண்டு, மசகானிலிருந்த தமது வீட்டையும் தோட்டத்தையும் வாயு விளக்குகளால் ஒளிபெறச் செய்தார். இலண்டன் வீதிகளில் வாயு விளக்கு ஏறி அதிக காலமாகாத நாட்கள் அவை. பம்பாய் மக்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். ஆளுநர் கிளயர் பிரபுவும் வந்து பார்த்தார்.

இவையெல்லாம் செல்வ வீட்டுப் பிள்ளையின் விளையாட்டல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இயந்திரத்துக்கும் இரும்புக்கும் செலவழிக்கப் பணம் அவரிடம் இருந்தது; தளத்தில் மரம் அறுத்த கூலித் தொழிலாளியின் மகனுக்கு அத்தகைய ஆசை எழுந்திருந்தாலும் அது அவன் மனத்தோடு மடிந்திருக்கும். ஆனால் பம்பாயின் எத்தனையோ செல்வர்கள் அக்காலத்தில் அபினியிலும் பருத்தியிலும் பணம் திரட்டி மாளிகை எழுப்பினார்கள். பட்டறைப் புகையில் நின்று இயந்திரம் கடைந்தவர் இவர்.

1838 ஆம் ஆண்டில் அக்குடும்பத்து இளைஞரிருவர், ஜெஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும், கப்பல் வரைகலை கற்க இங்கிலாந்து சென்றனர். அடுத்த ஆண்டு அர்தசீரும் புறப்பட்டார். சுயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய காலம் அது. செங்கடல் வரை நீராவிக் கப்பல், பின் எகிப்தின் ஊடாகத் தரைவழி, அதன்பின் மீண்டும் கடல் என்று அமைந்த அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நாட்குறிப்பு 1840 இல் இலண்டனிலே அச்சேறியது. இங்கிலாந்தில் அவர் தேடிச் சென்றவை இயந்திரச் சாலைகளும் கப்பற்றளங்களுமே. குடிசார் பொறியியலாளர் நிறுவனம் அவரைத் தன் இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் தலைவரான ஜேம்ஸ் வோக்கர், அவருடைய திறமையைக் கம்பனியின் இயக்குநர்களிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாகப் பம்பாயிலிருந்த கம்பனியின் நீராவித் தொழிற்சாலைக்கும் வார்ப்புச்சாலைக்கும் தலைமைப் பொறியியலாளராகவும் இயந்திரப் பரிசோதகராகவும் அவர் நியமிக்கப்பட்டார். சம்பளம் மாதம் 600 ரூபா.

1841 ஆம் ஆண்டு ஏப்ரில் 1 ஆம் நாள் அவர் பதவியேற்றார். அவருக்குக் கீழே நான்கு ஐரோப்பிய உதவியாளரும், நூறளவிலான ஐரோப்பியப் பொறியியலாளரும் கொதிகலன் வினைஞரும், இருநூறளவிலான சுதேசக் கம்மியரும் இருந்தனர். வெள்ளைத் தொழிலாளிகளுக்கு மேலே ஓர் இந்தியன்! அன்றைய பம்பாயில் இது சாதாரண விஷயமல்ல. ஆங்கிலேய வர்த்தகரின் குரலாக விளங்கிய 'பொம்பே டைம்ஸ்' பத்திரிகை இந்நியமனத்தை எதிர்த்து எழுதியது. அது அவருடைய இயந்திர அறிவிற் குறை கண்டு சொன்னதன்று. ஐரோப்பியரை ஆளும் தகுதி சுதேசி ஒருவனுக்கு இருக்க முடியாது என்பதே அதன் வாதம். இவ்வாதத்தை நாம் நன்கறிவோம். எமது இலங்கையிலும் அரசாங்க சேவையின் உயர்ந்த படிகளில் இதே பூட்டுத்தான் நெடுங்காலம் தொங்கியது. திறமை இல்லை என்று முதலிற் சொல்வார்கள். திறமையைக் காட்டிவிட்டால் குணம் இல்லை என்பார்கள்.

அப்பத்திரிகையின் ஏளனத்துக்கு எதிர்பாராத மறுமொழி இலண்டனிலிருந்து வந்தது. 1841 மே 27 ஆம் நாள் றோயல் கழகம் அர்தசீரைத் தன் அங்கத்தவராகத் தெரிந்தெடுத்தது. கப்பற் கட்டடக் கலையின் அறிமுறையிலும் செய்முறையிலும் வல்லவர் என்பதும், பம்பாயில் வாயு விளக்கை அறிமுகஞ் செய்தவர் என்பதும், 60 தொன் கலத்துக்கு நீராவி இயந்திரம் இணைத்தவர் என்பதும் அவரைப் பிரேரித்தோர் காட்டிய தகுதிகள். நியூற்றன் தலைமை வகித்த அவையில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர். கணிதமேதை இராமானுசனே முதல்வர் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். இராமானுசன் தெரிவானது 1918 இல். இடையிலே கழிந்தவை 77 ஆண்டுகள். இந்திய மண்ணில் அவ்வளவு காலம் அறிவு வறண்டு கிடந்ததென்று கொள்வதா? கதவு மூடியிருந்தது என்று கொள்வதே சரித்திரத்துக்குப் பொருந்தும்.

அர்தசீரைத் தேசிய வீரராக ஆக்கிவிட நான் விரும்பவில்லை. அவர் கம்பனியின் உத்தியோகத்தர். அவர் பழுது பார்த்த கொதிகலன்கள் கம்பனியின் போர்க்கலங்களை ஓட்டின. 1840 இல் விக்ரோறியா மகாராணியின் முன் தோன்றியதை அவர் பெருமையாகவே கருதியிருப்பார். பிரித்தானியாவின் விஞ்ஞானம் வேறு, பிரித்தானியாவின் ஆட்சி வேறு என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அக்காலத்துக் கற்றோருக்கு இருக்கவில்லை. விஞ்ஞானத்தோடு ஆட்சியையும் சேர்த்தே வரவேற்றார்கள். இதற்காக இன்று அவரைக் கூண்டிலேற்றுவது எளிது. அதனிலும் பயனுள்ளது, அவரளவு திறமையும் செல்வாக்கும் பெற்ற ஒருவராற்கூட எதைச் செய்ய முடியவில்லை என்பதை ஆராய்வதாகும்.

1849 இல் அவர் அமெரிக்கா சென்று மரம் அறுக்கும் இயந்திரங்களை வாங்கினார். தையல் இயந்திரமும் புகைப்படக் கலையும் மின்முலாம் பூசும் முறையும் பம்பாயிற் பரவியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1851 பெப்ருவரியில் 'லவ்ஜி பமிலி' என்னும் நீராவிக் கப்பல் கடலில் இறக்கப்பட்டது. மூதாதையின் பெயர் தாங்கிய அக்கப்பலின் உறுப்புகள் யாவும் அவருடைய வீட்டிலிருந்த வார்ப்புச்சாலையிலே செய்யப்பட்டவை. 'ஹ்யூ லின்ட்சே'யிற் பிரிந்து நின்ற உடலும் இருதயமும் இருபத்தோராண்டுகளில் ஓரிடத்திலே ஒன்றுகூடின. அவர் தலைமை வகித்தது கம்பனியின் மாபெரும் தொழிற்சாலைக்கு. முழுக் கப்பலைச் செய்து காட்டியதோ சொந்த வீட்டின் பட்டறையில்! இதனை வாசகர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கம்பனியின் தொழிற்சாலை இங்கிலாந்திலிருந்து வரும் இயந்திரங்களைப் பொருத்துவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஏற்பட்டது. இந்தியாவில் இயந்திரம் உற்பத்தி செய்வது அதன் நோக்கமன்று. இங்கிலாந்து முதலாளியின் சந்தையைக் கெடுக்க இங்கிலாந்துக் கம்பனி ஏன் முன்வரும்? ஒரு தனி மனிதனின் ஆர்வத்தால் ஒரு கப்பல் பிறக்கலாம். கைத்தொழில் பிறக்க மூலதனமும் அரசின் ஆதரவும் வேண்டும். இரண்டும் அந்நியன் கையில் இருந்தன.

1857 ஆகஸ்டு மாதத்தில் அவர் ஓய்வு பெற்றார். வட இந்தியாவில் சிப்பாய்களின் கிளர்ச்சி தீயாய்ப் பரவியிருந்த மாதம் அது. பின்னர் சிந்து நதியிற் கப்பலோட்டிய கம்பனியொன்றிற் சிலகாலம் பணிபுரிந்துவிட்டு, இங்கிலாந்து சென்று றிச்மன்ட் என்னுமிடத்திலே குடியேறி, 1877 நவம்பர் 16 ஆம் நாள் காலமானார். அதற்குள் உலகம் மாறியிருந்தது. மரத்தின் இடத்தை இரும்பும், பக்கச் சக்கரத்தின் இடத்தைச் சுழல்விசிறியும் பிடித்துக்கொண்டன. 1863 இல் இந்தியக் கடற்படை என்ற அமைப்பே கலைக்கப்பட்டது. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். கொட்டாஞ்சேனை மேட்டில் நின்று பார்ப்போர் கண்முன்னே கடல் ஒடுங்கித் துறைமுகமாயிற்று; நிலக்கரி நிரப்பவரும் கப்பல்கள் வரிசையாய் நின்றன. கரிக்கூடை சுமந்தவர்கள் கீழைத்தேயத்தார். கப்பல்களும் இயந்திரங்களும் மேலைத்தேயத்தாருடையவை.

'லவ்ஜி பமிலி' இறங்கி ஐம்பத்தைந்து ஆண்டுகளின்பின், 1906 இல், தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியை ஆரம்பித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரித்தானிய இந்தியா நீராவிக் கப்பற் கம்பனி நடத்திய ஏகபோகத்தை உடைப்பதே நோக்கம். மூலதனம் பத்து இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபாவாக நாற்பதினாயிரம் பங்குகள். முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல்களை எதிர்க்கம்பனியின் நெருக்குதலாற் சொந்தக்காரர் மீட்டுக்கொண்டனர். ஆகவே சொந்தக் கப்பல் வேண்டும். இந்தியாவில் எங்கே வாங்குவது? பம்பாயிலும் கல்கத்தாவிலும் மரக்கலம் கட்டிய வம்சங்கள் இருந்தன. நீராவிக் கப்பல் கட்டி விற்போர் இல்லை. சுதேசியத்தின் கப்பலை ஐரோப்பாவிலேதான் வாங்க வேண்டியிருந்தது. 'கலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களும் 1907 இல் வந்து சேர்ந்தபோது தமிழ் மக்கள் அடைந்த களிப்புக்கு அளவில்லை. ஆங்கிலக் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவுக்கு இறக்கியது. சிதம்பரம்பிள்ளை அரை ரூபாவுக்கு இறக்கினார். அவர்களோ இலவசமாய் ஏற்றி, பிரயாணிக்குக் குடையொன்றும் கொடுத்தார்கள். 1908 இல் பிள்ளையவர்கள் சிறையிடப்பட்டார். 1911 இற் கம்பனி கலைந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் நீராவிக் கப்பலான 'ஜலஉஷா', 1948 மார்ச்சு 14 ஆம் நாள் விசாகப்பட்டினத்திலே, ஜவகர்லால் நேருவின் கையாற் கடலில் இறக்கப்பட்டது.