காப்புப் பிரதி எடுக்கும் முன் வன்தட்டைப் பாருங்கள்

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது அம்மாவின் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பதினொரு புகைப்படங்கள். அவற்றுள் ஒன்றுதான் அண்ணாவின் முகம் தெளிவாகத் தெரியும் படம். அண்ணா இன்றுவரை திரும்பவில்லை. எந்த விண்ணப்பத்திற்கும், எந்த விசாரணைக்கும் அந்தப் படத்தையே பிரதி எடுத்துக் கொடுத்து வருகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் அவை எல்லாவற்றையும் ஸ்கான் செய்து வீட்டுக் கணினியில் சேமித்தேன். அம்மா பேசிய நீண்ட ஒளிப்பதிவுகளும் அதில் இருந்தன. பழைய வெளிவாரி வன்தட்டு ஒன்றில் காப்புப் பிரதி எடுக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல்கள் வந்தன. பிழை மென்பொருளில் இருக்கவில்லை. வன்தட்டு ஒழுங்கமைக்கப்பட்ட முறையிலேயே இருந்தது. நான் பட்டறிந்தவற்றை இங்கு ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

இடம் இருந்தும் "கோப்பு மிகப் பெரியது"

வன்தட்டில் 200 ஜிகாபைட்டிற்கு மேல் வெற்றிடம் இருந்தது. ஆனாலும் பிரதி எடுக்கும் வேலை பாதியில் நின்றது. காரணம், அந்த வட்டு ஃபட் 32 என்ற கோப்பு முறைமையில் இருந்தது. இம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது. காப்பு மென்பொருட்கள் பல, எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாகக் கட்டுபவை. சில மென்பொருட்களில் அதைத் துண்டுகளாகப் பிரிக்கும் தெரிவு உண்டு. வின்டோஸில் உள்ள, முழுக் கணினியையும் படிமமாக எடுக்கும் வசதியோ என்.ரி.எஃப்.எஸ். வட்டையே ஏற்கும்.

உங்கள் வட்டு எந்த முறையில் உள்ளது என்று அறிய, அதன் மேல் வலது பக்கமாகச் சொடுக்கி "புரொப்பர்ட்டீஸ்" பாருங்கள். ஃபட் 32 என்றால், உள்ளிருப்பவற்றை முதலில் வேறிடத்திற்கு மாற்றிவிட்டு என்.ரி.எஃப்.எஸ். ஆக ஃபோர்மட் செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த வட்டு

கனடாவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அண்ணா, எங்கள் பெரியம்மா வீட்டுக் கலியாண வீடியோவை ஒரு வட்டில் கொண்டுவந்தார். அப்பா நடந்து திரியும் ஒரே காட்சி அதில்தான் இருக்கிறது. என் கணினியில் பொருத்தியதும், "இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்ற கேள்வி வந்தது. விரல் பொத்தானுக்கு அருகில் போய்விட்டது. தற்செயலாகத்தான் அவரிடம் கேட்டேன். "அது மக் கணினியில போட்டது" என்றார்.

மக் கணினியின் ஏ.பி.எஃப்.எஸ். மற்றும் அதன் பழைய முறைமையை வின்டோஸ் தானாக வாசிக்காது. சில வேளை ஃபோர்மட் கேட்கும். சில வேளை வட்டே தோன்றாது. இரண்டுக்கும் வட்டு வெறுமை என்று பொருளில்லை. ஒருபோதும் "ஆம்" கொடுக்காதீர்கள். முழுமையான ஃபோர்மட் பழைய தரவின் மேல் பூச்சியங்களை எழுதிவிடும். அதன் பின் மீட்க வழியில்லை. ஒரு மக் கணினியில் திறந்து, எக்ஸ்ஃபட் முறையிலான வேறு வட்டிற்குப் பிரதி செய்யுங்கள்.

எக்ஸ்ஃபட்டை இரு வகைக் கணினிகளும் வாசிக்கும், எழுதும். 4 ஜிகாபைட் தடையும் இல்லை. என்.ரி.எஃப்.எஸ். வட்டை மக் வாசிக்கும், ஆனால் வேறு மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. எக்ஸ்ஃபட்டில் ஒரு குறை உண்டு. எழுதும்போது மின்சாரம் போனாலோ வயரை இழுத்தாலோ கோப்பு அட்டவணை பழுதாகும் ஆபத்து, என்.ரி.எஃப்.எஸ். முறையை விட அதிகம். மின்வெட்டு உள்ள ஊரில் இதை மறக்கக் கூடாது.

2 ரெராபைட்டிற்கு மேல்

பழைய எம்.பி.ஆர். பிரிப்பு முறை, வழமையான வட்டுகளில் 2 ரெராபைட் வரைதான் கணக்கு வைக்கும். 4 ரெராபைட் வட்டு வாங்கிப் பாதி மட்டும் தெரிந்தால் ஜி.பி.ரி. முறைக்கு மாற்ற வேண்டும். வெறும் வட்டாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். சாதாரண 32 பிட் வின்டோஸ் எக்ஸ்பி கணினிகள் ஜி.பி.ரி. வட்டை வாசிக்காது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பெட்டியைக் கழற்றினால்

வெளிவாரி வட்டின் யு.எஸ்.பி. பெட்டி பழுதாகும்போது, உள்ளே உள்ள வட்டைக் கழற்றி நேரடியாகக் கணினியில் பூட்டுவது வழக்கம். சில பெட்டிகள் வட்டின் பிரிவுகளை 512 பைட்டுக்குப் பதிலாக 4096 பைட் எனக் கணினிக்குக் காட்டுபவை. அவற்றிலிருந்து கழற்றிய வட்டு வெறுமையாகத் தோன்றும். அப்போதும் ஃபோர்மட் செய்யாமல், அதே வகைப் பெட்டியில் மீண்டும் போட்டுப் பாருங்கள். கடவுச்சொல்லால் பூட்டிய வட்டு என்றால், மீட்புத் திறப்பு இலக்கத்தைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

மீட்டுப் பார்க்காத பிரதி பிரதியல்ல

"வெற்றிகரமாக முடிந்தது" என்ற செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். வின்டோஸின் முழுக் கணினிப் படிமத்தை, முந்தியதை விடச் சிறிய வட்டில் மீட்க முடியாது. இதையும் முன்கூட்டியே சரிபாருங்கள். புகைப்படங்களையும் ஆவணங்களையும் மென்பொருளின் கட்டுக்குள் மட்டும் வைக்காமல், சாதாரணக் கோப்புகளாகவும் ஒரு தடவை பிரதி செய்யுங்கள். அந்த மென்பொருள் இல்லாத காலத்திலும் அவை திறக்கும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. 1981 இல் யாழ். நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன. ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

இப்போது அண்ணாவின் படம் என் கணினியிலும், அலுமாரியில் உள்ள வட்டிலும், வவுனியாவில் தங்கச்சி வீட்டிலும் இருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை மூன்றையும் திறந்து பார்க்கிறேன். அம்மா மட்டும் அந்தப் பொலித்தீன் பையை இன்னும் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறார்.