சபை நடுவே உருகும் பவுண்

யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில், தாலி கட்டுவதற்குச் சில நாள் முன்னதாக மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல் நடக்கும். நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, சுபநேரத்தில் தாலி செய்வதற்கென ஒரு தங்கப் பவுணைப் பத்தரிடம் (பொற்கொல்லரிடம்) கொடுப்பார்கள். அவர் அதைச் சபையார் பார்த்திருக்க உருக்குவார். மங்கலச் சடங்கு என்ற அளவிலேயே இதை விட்டுவிடுகிறோம். எனக்கோ இது முதலில் ஒரு தொழில் ஏற்பாடாகவே படுகிறது: பொன் கொடுப்பவரும் அதை வாங்கி வேலை செய்பவரும் சாட்சி வைத்துச் செய்துகொண்ட ஒப்படைப்பு.

பொன்வேலையில் சந்தேகம் பழையது. தட்டார் பொன்னைக் களவாடும் வழிகளை அர்த்தசாஸ்திரம் அடுக்கிச் சொல்கிறது. சேதாரத்துக்கும் வரம்பு கட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொலைக்களத்துக்கு அனுப்பியதும் ஒரு பொற்கொல்லனின் களவுதான். (நேர்மையான பத்தர்கள் எத்தனை தலைமுறை இந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள்!) சபை நடுவே உருக்குவது அவர்களுக்கும் காப்பு. உடைந்த நகையை விட்டு நாணயத்தை எடுப்பதும் இதற்குப் பொருந்துகிறது. பிரித்தானியப் பவுண் 22 காரட், ஏறத்தாழ 7.98 கிராம், தராசும் உரைகல்லும் இல்லாமலே எடையும் மாற்றும் எல்லோருக்கும் தெரியும். சிரட்டைக்கரித் தணலை ஊதுகுழலால் ஊத ஊத, மூசைக்குள் முதலில் விளிம்பு மழுங்கும், பிறகு அரச தலை கரையும், கடைசியில் எல்லாம் ஒரு துளியாகத் திரளும். வெங்காரம் தூவினால் கறை ஒதுங்கும். ஈயம் கலந்த பொன்னானால் அடிக்கும்போது வெடித்துக் காட்டிக்கொடுக்கும். ஆறிய பொன்னை வெற்றிலை, பூவோடு தட்டில் வைத்து மாப்பிள்ளையிடம் கொடுக்க, அவர் அதைச் சபையாருக்குக் காட்டிய பிறகே அது பத்தர் கைக்குத் திரும்பும்.

களவு நடப்பதானால் பிறகு பட்டறையில்தானே நடக்கும், உருக்குவதைப் பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பட்டறையிலிருந்து வரும் தாலியை நிறுத்துப் பார்க்க முதல் எடை தெரிந்திருக்க வேண்டும். அந்த எடைக்குச் சபையே சாட்சி. அதே நாளில் முள்முருக்கில் கன்னிக்கால் ஊன்றுவதற்கும், அன்றுமுதல் மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பதற்கும் எடைக்கணக்கில் விளக்கம் இல்லை. அவை வேறு மரபிலிருந்து வந்து சேர்ந்தவை என்று கொள்வதே சரி.

இன்னொரு மறுப்பு கனமானது: இன்று தாலியைக் கடையில் வாங்குகிறவர்களும் ஒரு சிறு துண்டையாவது உருக்குகிறார்கள், புலம்பெயர்ந்த வீடுகளில் எரிவாயுச் சுடரில் உருக்குகிறார்கள், கணக்குப் பார்க்கவா? இல்லைத்தான். ஆனால் ரசீதும் தர முத்திரையும் வந்து கணக்கைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதால் மிஞ்சிய நிலை இது. பத்தரே முத்திரையும் ரசீதுமாக இருந்த காலத்தில் அந்த வீட்டு முற்றத்துக்கு வேறு வேலை இருந்தது.