இருபது பைட்டு பேக்கப்

தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு என் தளத்துக்கு பேக்கப் ஓடுகிறது, பிரதி வேறொரு சர்வருக்குப் போகிறது என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஹோஸ்டிங்காரர்களின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பிரதிதான் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், மூன்று மாதக் கோப்புகள் தேதிவாரியாக வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் இருபது பைட்டு! நடுவில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றியது நான். ஸ்கிரிப்டில் மாற்ற மறந்ததும் நான்தான். உள்ளே நுழைய முடியாமல் டம்ப் திரும்பிவிட்டது. ஜிஜிப் மட்டும் கடமை தவறாமல் வெறுமையைச் சுருக்கி வைத்திருக்கிறது :-)

கிரானைத் திட்டிப் பயனில்லை. 1979-ல் வந்த பெல் லேப்ஸின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது அது. நிமிஷத்துக்கு ஒருதரம் விழித்துப் பட்டியலைப் பார்க்கும், நேரம் வந்தால் வேலையைக் கிளப்பிவிடும். அவ்வளவுதான். அதே பதிப்பில் வந்த டாரின் பெயரிலேயே டேப் இருக்கிறது. டேப்பை மாட்டவும் கழற்றவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரு பார்வையாவது பார்ப்பார். 1996-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கெராசும் ஆர்சிங்க்கை வெளியிட்டார்கள். மாறிய பகுதியை மட்டும் நெட்டில் அனுப்பும் அருமையான வேலை. ஆனால் டேப்போடு சேர்ந்து அந்த ஆளும் போய்விட்டார் என்பது என் கட்சி.

2008 கடைசியில் ஜர்னல்ஸ்பேஸ் என்ற தளத்தின் டேட்டாபேஸ் மொத்தமாக மேலெழுதப்பட்டு அழிந்தது. இரண்டு டிஸ்க்குகள், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். அதையே பேக்கப் என்று நம்பியிருந்தார்கள். அழிவும் அதேபோல இரண்டிலும் பதிந்தது. தளத்தையே மூடினார்கள்.

எனக்கு ஆறுதல் தந்தது கிட்லேப் கதை. 2017 ஜனவரி 31 இரவு, ஓர் எஞ்சினியர் வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நிறுத்துவதற்குள் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால் எதுவும் இல்லை. டேட்டாபேஸ் 9.6, அதை எடுக்கும் கருவியோ 9.2. ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்ல மெயிலும் போயிருக்கிறது. கையொப்பச் சரிபார்ப்பில் தேறாததால் அந்த மெயில்களை வாங்கும் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது! (என் கிரானும் மெயில் அனுப்பித்தான் இருந்தது, நான் எட்டிப் பார்க்காத பெட்டிக்கு.) ஆறு மணி நேரம் முன்பு யாரோ சோதனைக்காகக் கையால் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இத்தனையையும் மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அது பெரிய விஷயம்.

2021 மார்ச் 10-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்தபோது, சிலருடைய பேக்கப்பும் அதே இடத்திலேயே எரிந்தது.

நான் இழந்ததில், அப்பா சொல்லச் சொல்ல எழுதிய ரயில்வே அனுபவங்கள் நாலு. போனில் திரும்பக் கேட்டேன். இரண்டாம் தடவை வேறு மாதிரி சொன்னார். முதலில் சொன்னது எப்படி என்று எனக்கும் சரியாக நினைவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு, பேக்கப்பைப் பழைய லேப்டாப்பில் ஏற்றி, கடைசியாக எழுதியது வந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்கிறேன். அப்பாவின் நாலையும் பிரிண்ட் எடுத்து ஊருக்கு அனுப்பியாயிற்று.